நடை ஒன்று

மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அத்தனை தூரம் பயணம் செய்து வந்திருக்கும் குவாரித் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். சுவரோரம் நிற்பவர்கள் மட்டும் தயவுசெய்து காலை மாற்றி மாற்றி நிற்காதீர்கள். பழக்கதோஷம், அது என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

நான் பேச்சாளன் அல்லன். நம் முதுநிலை ஆய்வாளர், நிலச் சென்சார் பிரிவின் தலைவர், நாம் எல்லோரும் தரைக்காரர் என்று அழைத்த அந்த மனிதரோடு இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டவன். அந்தத் தகுதி ஒன்றுதான் என்னை இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நிறுத்தியிருக்கிறது. இயக்குநர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தரைக்காரரோடு ஒரு திருகாணியைப் பற்றிப் பேசி முடிக்கவே எனக்கு அரை நாள் ஆகும். ஆகவே மணி அடிப்பவர் அடித்துக்கொண்டிருக்கட்டும், நான் முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

தொடங்குவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில், நான் கடைசியாகப் பார்த்த அன்று, தரைக்காரர் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். அவர் போன ஐந்தாம் நாள், அவர் வீட்டில், அவர் மனைவி, நம் அண்ணி, என்னிடம் ஒன்று கேட்டார். அவர் அழித்துவிடு என்றதை இவர் அழிக்காதே என்கிறார். எங்கள் கணினியில் 'நடை ஒன்று' என்ற பெயரில் இருக்கும் ஒரு பதிவு அது. தரைக்காரர் நடந்த நடை. நானூறு அடி. திங்கட்கிழமை காலை எங்கள் புதிய பெட்டி குவாரிக்குப் போகிறது. அதற்குள் அந்த நடை இருக்கவேண்டுமா, கூடாதா? "கூட்டத்துல சொல்றேன் அண்ணி" என்று அன்றைக்கு நழுவி வந்துவிட்டேன். இதோ, கூட்டமும் வந்துவிட்டது.

எங்கள் வேலை என்ன என்று தெரியாதவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். குவாரியில் பாறைக்கு வெடி வைப்பார்கள். வெடிக்கும் முன்னால் அந்த வட்டத்துக்குள் ஆள் யாரும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்காக மண்ணுக்குள் சென்சார்களைப் புதைக்கிறோம். அதில் ஒரு பாதி மண்ணின் அதிர்வைக் கேட்கும், மறுபாதி காற்றில் வரும் ஓசையைக் கேட்கும். கேட்டதை ஒரு பெட்டிக்கு அனுப்பும். அங்கே யாராவது நடந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு. யாரும் இல்லையென்றால் பச்சை. அந்தப் பெட்டியைச் செய்தவன் நான்.

சரி, பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு முறையும் மழையைக் கூப்பிட முடியுமா? லாரியைக் கூப்பிட்டு, நாயைக் கூப்பிட்டு, 'நீ முப்பது மீட்டரில் ஓடு, நீ அறுபது மீட்டரில் குரை' என்று சொல்ல முடியுமா? அங்கேதான் தரைக்காரர் வருகிறார். அவர் கணினிக்குள் ஒரு தரையைச் செய்தார். மேலே மூன்றடி ஈரக் களிமண், கீழே உடைந்த பாறை, தூறல், நாற்பது மீட்டரில் ஒரு லாரி, பதினைந்து மீட்டரில் ஓர் ஆள் நடக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால், அந்த நடையின் அதிர்வு சென்சாருக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்று அது கணக்குப் போட்டுத் தரும். அதை ஒரு ஒயர் வழியாக என் பெட்டிக்குள் விடுவோம். பெட்டிக்குத் தெரியாது, தான் மேசை மேல் இருக்கிறோம் என்று. மண்ணுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பதில் சொல்லும்.

அந்தப் பொய்த்தரையை அவர் எவ்வளவு உண்மையாகச் செய்தார் தெரியுமா? நமக்குத் தெரிந்த மண் இரண்டே வகை, செருப்பில் ஒட்டும் மண், ஒட்டாத மண். அவருக்கு நூற்று நாற்பது வகை! எங்கே போனாலும் ஒரு பிடி மண்ணோடுதான் திரும்புவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மண், துக்க வீட்டுக்குப் போனாலும் மண். அள்ளிவர அவர் எடுத்துப்போவது சாப்பாட்டு டப்பாவை. அண்ணி ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், "எல்லா வீட்லயும் சோத்துல மண்ணு விழுந்திடக் கூடாதுன்னு பயப்படுவாங்க. எங்க வீட்ல இவரே டப்பாவைத் தூக்கிட்டுப் போய் அள்ளிப் போட்டுட்டு வர்றாரு" என்றார். தரைக்காரர் அசரவில்லை. "கழுவித்தானே குடுக்கிறேன்" என்றார்.

தரைக்காரர் என்ற பெயர் எப்படி வந்தது? அதை வைத்தவன் நான்தான். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், அறைக்குள் நுழைகிறேன், ஒரு மனிதர் தரையில் குப்புறக் கிடக்கிறார். மயக்கம் போட்டுவிட்டார் என்று தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடினேன். அவர் ஒரு விரலை உதட்டில் வைத்து, "உஷ்... டைரக்டர் வர்றார். கோவமா வர்றார். உன்னைத் தேடித்தான் வர்றார், போய் உட்காரு" என்றார். நான் போய் உட்காரவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. அன்றைக்கு நான் வாங்கிய திட்டு இயக்குநருக்கு நினைவிருக்காது, எனக்கு நினைவிருக்கிறது. அன்றுமுதல் நான் அவரைத் தரைக்காரர் என்றேன், அவர் என்னைப் பெட்டி என்றார். "யோவ் பெட்டி" என்று ஒருவர் என்னை அழைத்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

எல்லோர் நடையும் அவருக்குத் தெரியும். கதவுக்கு வெளியே யார் வருகிறார், பசியோடு வருகிறாரா, சண்டைக்கு வருகிறாரா என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்வார். அவருக்குத் தெரியாத நடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய நடை.

அவருக்கு இடது காலில் ஊனம். குழந்தைப் பருவத்தில் வந்த காய்ச்சல் கொடுத்துவிட்டுப் போனது. வலது கால் அழுத்தி ஊன்றும், இடது கால் இழுத்துக்கொண்டு பின்னால் வரும். டக், சர்ர்... டக், சர்ர்... இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சத்தத்தோடு நான் வாழ்ந்தேன். ஆனால் நம் ஆய்வுக்கூடத்தில் யாராவது அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறோமா? இல்லை. பேசாமல் இருப்பது நாகரிகம் என்று நினைத்தோம். கண்டும் காணாதது போல் இருப்பது மரியாதை என்று நினைத்தோம். அந்த மரியாதைதான் எங்களைக் குழியில் தள்ளியது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. மறைத்தால் அவருக்குப் பிடிக்காது.

இருபது ஆண்டுகளுக்கு முன்னால், பொய்த்தரை தயாரானபோது, அதன்மேல் நடக்க ஒரு நடை தேவைப்பட்டது. நிஜமான ஒருவர் நிஜமான மண்ணில் நடந்த பதிவு. எல்லோருக்கும் வேலை, யாரும் வரவில்லை. நான் மேசையை விட்டு எழுந்தே வரவில்லை. அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஜெனரேட்டர் அறைக்கும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே சென்சாரைப் புதைத்து, நானூறு அடி நடந்து பதிவு செய்தார். 'நடை ஒன்று' என்று பெயர் வைத்தார். "இப்போதைக்கு இது இருக்கட்டும்யா, அப்புறம் வேற எடுத்துக்கலாம்" என்றார். அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும், 'இப்போதைக்கு' என்று வைத்தது எதுவும் இடத்தை விட்டு நகர்வதில்லை. அந்த நடையை வேகமாக்கினார், இளைஞன் என்று வைத்துக்கொண்டோம். எடையைக் குறைத்தார், பெண் என்றோம். மெதுவாக்கினார், முதியவர் என்றோம். பொய்த்தரையில் ஒரு ஊரே நடந்தது. அத்தனை பேரும் அவர்தான்.

என் பெட்டி அந்த நடைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் மனித நடை எது என்று பழகியது. திரையில் ஓடும் அதிர்வுக் கோட்டில் ஒவ்வொரு இரண்டாவது அடிக்குப் பின்னாலும் ஒரு சின்ன வால் நீளும். அந்த வால் இருந்தால் ஆள், இல்லையென்றால் நாய், லாரி, மழை என்று பெட்டி தெரிந்துகொண்டது. ஒருநாள் எனக்கே ஒரு சந்தேகம் தட்டியது. இந்த வால் மண்ணின் குணமா, இல்லை அவர் இழுத்து வைக்கும் காலா? திரும்பிப் பார்த்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் அவருடைய காலைப் பற்றி எப்படிக் கேட்பது? கூச்சமாக இருந்தது. மண்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு வேலையைப் பார்த்தேன். இதை இத்தனை வருடங்களில் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

வெளியிடத்தில் சோதனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தோம். பதினோரு குவாரிகளில் பெட்டியை வைத்தோம். ஒவ்வொரு இடத்திலும் நடந்து பார்த்தோம். நடந்தது யார்? அவர்தான்! என்னை நடக்க விடவே மாட்டார். "நீ ஒயரைப் பாரு, நான் நடக்கிறேன்" என்பார். சின்ன வயதிலிருந்து எங்கே போனாலும் 'நீ உட்காரு, நீ உட்காரு' என்று கேட்டே வளர்ந்தவருக்கு, நடப்பதே வேலையாக ஒன்று கிடைத்தால் விடுவாரா? வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக நடப்பார். பெட்டி சிவப்பு விளக்கைப் போடும். நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம்.

ஆறாவது மாதம் குவாரியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், வெடிக்கு முன்னால் சங்கு ஊதுபவர். அவர் பேசிய வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். "சார், பெட்டி பச்சை காட்டிச்சு. சங்குல கை வெச்சுட்டேன். பழக்கத்துல ஒருதடவை எட்டிப் பார்த்தா, தலையில கூடையோட ஒரு பொம்பளை நடுவுல போயிட்டிருக்கா. உங்க பெட்டி பொம்பளைங்களை மனுஷக் கணக்குல சேர்க்காதா சார்?"

அந்தத் தொலைபேசியை எடுத்தவர் தரைக்காரர். அவர் முகத்தை அப்போது பார்த்தவன் நான். மறுநாள் காலையில் இருவரும் அங்கே நின்றோம். அந்த அம்மா செருப்பில்லாமல், கூடையோடு, வேகவேகமாக மறுபடி நடந்து காட்டினார். பச்சை. சங்குக்காரர் நடந்தார். பச்சை. "தள்ளுங்க" என்று நான் நடந்தேன். பெட்டியைச் செய்தவன் நான், அதற்குத் திருகாணி முடுக்கியவன் நான், நான் நடக்கிறேன், என்னைப் பார்த்து ஆள் இல்லை என்கிறது! அப்புறம் தரைக்காரர் நடந்தார். மூன்றாவது அடியிலேயே சிவப்பு.

அவர் அங்கேயே ஜல்லியின்மேல் உட்கார்ந்துவிட்டார். இடது காலைத் தம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல்முறையாகப் பார்ப்பவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ் பெட்டி, இது மனுஷனைக் கண்டுபிடிக்கலய்யா. என்னைத்தான் கண்டுபிடிக்குது" என்றார். அந்த அம்மாதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எழுந்திருங்க ஐயா, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவரும் இன்று வந்திருக்கிறார். அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.

தவறு செய்யாத ஆய்வாளர் உண்டா? இல்லை. ஆனால் தவறு தெரிந்த அன்றே பதினோரு இடங்களுக்கும் தம் கையாலேயே கடிதம் எழுதி, பெட்டிகளை நிறுத்துங்கள், கண்ணால் பாருங்கள் என்று சொன்னவர் எத்தனை பேர்? மறுநாள் கூட்டத்தில், இயக்குநர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் அறிக்கையில் 'மென்பொருள் கோளாறு' என்று எழுதலாம் என்றீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். அவர் எழுந்து, "கோளாறு எதுவும் இல்ல சார். நான் நடக்கிற மாதிரி நடந்தாத்தான் மனுஷன்னு அந்தப் பெட்டிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அதையே எழுதுங்க" என்றார். இயக்குநர் அதையே எழுதினார். அதற்காக இயக்குநருக்கும் இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

அதன்பிறகு நான்கு ஆண்டுகள் அவர் செய்தது ஒரே வேலை. நடை கேட்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஒரு நாற்பது அடி நடந்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். ஜெனரேட்டர் அறைக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு பாதை போட்டார். நூறு பேரின் நடை வேண்டும் என்பது அவர் கணக்கு. கேட்டால் கொடுக்கிற பொருளா அது? நடக்கச் சொன்னதும் மனிதர்களுக்கு என்னதான் ஆகிவிடுகிறதோ! காவலாளி நெஞ்சை நிமிர்த்தி அணிவகுப்பில் நடப்பது போல் நடந்தார். நூலகத்துப் பெண்மணி பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் நடப்பது போல் நடந்தார். இயக்குநர் நடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. தரைக்காரர் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, எல்லோரிடமும் ஒன்றையே சொல்வார். "இப்படி வேணாம். வீட்டுக்குப் போற மாதிரி நடங்க."

அந்த ஒரு வார்த்தை போதும். தோள் இறங்கிவிடும், கை தானாக வீசும், நடை வந்துவிடும். காலை நேரத்திலும் சொல்வார், வேலைக்கு இப்போதுதான் வந்தவரிடமும் சொல்வார், "வீட்டுக்குப் போற மாதிரி." சமையற்கூடத்து மாஸ்டர் எண்பது கிலோ உடம்போடு நடந்தார். நூலகத்துப் பெண்மணி ஒன்பது மாதக் கர்ப்பத்தோடு ஒருமுறை, பிள்ளை பெற்ற பிறகு ஒருமுறை நடந்தார். கூடை சுமந்த அம்மா தம் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறி வந்து நடந்தார். தொண்ணூற்றொன்பது நடை சேர்ந்தது. ஒன்று பாக்கி இருந்தபோது நெஞ்சுவலி வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். படுத்திருந்தவர் கட்டில் காலில் கையை வைத்து, "மூணாவது மாடியில யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளுறாங்க, ஒரு சக்கரம் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக நான் போன அன்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டி, நடை ஒண்ணை அழிச்சிடு."

"எதுக்கு? இருக்கட்டுமே. அதுவும் ஒரு நடைதானே?"

"வேணாம். அது ஒரு பொம்பளையைச் சாகடிச்சிருக்கும்யா. அது உள்ள இருக்கக் கூடாது. புதுப் பெட்டி போறதுக்குள்ள அழிச்சிடு. சரின்னு சொல்லு."

நான் வாதாடினேன். வழக்கம்போலச் சத்தம் போட்டேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். போகும்போது கதவருகில் நின்று "சரி" என்றேன். அவர் கையை ஆட்டினார். எங்கள் இருபத்திரண்டு ஆண்டுச் சண்டையில் நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒரே முறைதான். அதற்கப்புறம் சண்டை போட எனக்கு ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முப்பத்து நான்கு படி. அண்ணி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு டீ கொடுத்தார். அப்புறம் சொன்னார்.

"முதல் படியில அவர் கால் வைக்கிற சத்தம் கேட்டதும் டீக்கு அடுப்பைப் பத்த வைப்பேன் தம்பி. அவர் ஏறி வந்து கதவைத் தட்டறதுக்கும் டீ பொங்கறதுக்கும் சரியா இருக்கும். முப்பத்தியொரு வருஷம், ஒருநாள் தப்பினது இல்ல. இப்பவும் அஞ்சரை மணி ஆனா காது தானா படிக்கட்டுக்குப் போயிடுது. யார் யாரோ ஏறுறாங்க. டக்கு டக்குன்னு ரெண்டு காலும் ஒரே மாதிரி. பிடிக்கவே இல்ல தம்பி, எல்லாரும் எதுக்கு அப்படி நடக்கிறாங்க?" காலி டம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "அவர் நடை உங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லியிருக்காரு. அதை மட்டும் அழிச்சிடாதீங்க."

நண்பர்களே, நான் என்ன செய்வேன்? போனவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இருப்பவரின் ஏக்கம் ஒரு பக்கம். நகல் எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, எங்கள் கணினியிலிருந்து அழித்துவிடலாமே என்று யோசித்தேன். சாமர்த்தியமான யோசனைதான். இருவரையும் ஏமாற்றாமல் தப்பித்துவிடலாம் என்று நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

தொண்ணூற்றொன்பது நடைகளை மட்டும் கொண்டு புதிய பெட்டியைப் பழக்கியிருந்தோம். ஒவ்வொன்றாகப் பொய்த்தரையில் நடக்கவிட்டேன். ஈரக் களிமண்ணில் மாஸ்டர், சிவப்பு. காய்ந்த ஜல்லியில் கூடை சுமந்த அம்மா, சிவப்பு. மழையில், லாரிக்குப் பின்னால், கர்ப்பிணிப் பெண், சிவப்பு. தொண்ணூற்றொன்பதும் சிவப்பு! இதைப் பார்க்க அவர் இல்லையே! பிறகு 'நடை ஒன்று' பதிவின்மேல் கையைக் கொண்டுபோனேன். அழிக்கும் முன்னால் ஒரே ஒருமுறை அவரை நடக்கவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. விட்டேன்.

பச்சை.

ஆள் இல்லை என்றது பெட்டி. மண்ணை மாற்றினேன், பச்சை. மழையை நிறுத்தினேன், பச்சை. பத்து மீட்டருக்குக் கொண்டுவந்தேன். சென்சாருக்கு நேர் மேலேயே நடக்கவிட்டேன். பச்சை, பச்சை. நான் மேசையைத் தட்டிக் கத்தினேன், "அவர்தாண்டா அது! அவரைத் தெரியலையா உனக்கு?" என்று. பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அழுது முடித்தபிறகுதான் புத்தி வேலை செய்தது. குவாரியில் கால் ஒழுங்காக இருப்பவர் எத்தனை பேர்? சங்குக்காரரே, நீங்கள் சொல்லுங்கள். கல் விழுந்து பாதம் நசுங்கியவர் உண்டா இல்லையா? விரல் போனவர், முட்டி தேய்ந்தவர், நேற்று ஆணி ஏறி இன்று காலை இழுத்துக்கொண்டு வேலைக்கு வருபவர் உண்டா இல்லையா? தலையாட்டுகிறார், பாருங்கள். திங்கட்கிழமை அவர்களில் ஒருவர் அந்த வட்டத்துக்குள் நடந்திருந்தால், பெட்டி பச்சை காட்டியிருக்கும். மறுபடி அதே தவறு, இந்த முறை திருப்பி!

தரைக்காரரே, உம்மோடு எனக்குச் சண்டை இருக்கிறது, இன்னும் முடியவில்லை. கூடைக்காரம்மாவைச் சேர்த்தீர். கர்ப்பிணியைச் சேர்த்தீர். காவலாளியைச் சேர்த்தீர். சண்டைக்காரன் என்னையும் நாற்பத்தேழாவது நடையாகச் சேர்த்தீர். உம்மை மட்டும் மனிதக் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டீரே, இது நியாயமா? ஒரு தவறுக்காக ஒரு மனிதர் தம்மை இப்படியா தண்டித்துக்கொள்வது? உம் நடையில் என்னய்யா தவறு? அது ஒன்றே போதும் என்று நாங்கள் இருந்ததுதானே தவறு!

நேற்று மாலையே அண்ணிக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அவருக்கு அவரைத் தவிர எல்லாரும் மனுஷங்கதான் தம்பி" என்றார்.

ஆகவே இந்தச் சபையின் முன்னால் என் பதிலைச் சொல்கிறேன். நான் கொடுத்த வாக்கை மீறுகிறேன். அந்தப் பழி என்மேல் இருக்கட்டும். நடை ஒன்று அழியாது. ஆனால் இனி அது ஒன்றாம் எண்ணும் அல்ல. அவர் தேடிக்கொண்டே இருந்த நூறாவது நடை அதுதான், அந்த இடத்தில் அதைச் சேர்க்கிறேன். நூறோடும் நிற்கப் போவதில்லை. ஊன்றுகோலோடு நடப்பவர்கள், கட்டுப் போட்ட காலோடு நடப்பவர்கள், குடித்துவிட்டுத் தள்ளாடுபவர்கள்கூட, எல்லோரையும் அந்தப் பாதைக்குக் கூப்பிடுவோம். பெட்டி திங்கட்கிழமை போகாது. இயக்குநர் அவர்களே, உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன், மன்னியுங்கள். நூறையும் வைத்துப் பழக்கி, பதினோரு இடத்திலும் பதினோரு வெவ்வேறு ஆட்கள் நடந்து பார்த்தபிறகுதான் போகும். இனி எங்கள் கூடத்தில் கூச்சத்துக்காக எந்தக் கேள்வியையும் யாரும் விழுங்க மாட்டோம். யார் காலைப் பற்றி என்றாலும் கேட்போம்.

நீங்களும் ஓர் உதவி செய்யவேண்டும். இந்த மண்டபத்தின் வாசலிலிருந்து கேட் வரை இருக்கும் மண்பாதையில் இன்று காலை சென்சார்களைப் புதைத்து வைத்திருக்கிறோம். வெளியே போகும்போது ஒவ்வொருவராகப் போங்கள். பெயர் கேட்க மாட்டோம். விருப்பமில்லாதவர்களுக்குப் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. மற்றவர்கள் துக்க வீட்டில் நடப்பது போல் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடக்காதீர்கள். எப்படி நடக்கவேண்டும் என்று அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

இத்தகைய கூட்டங்களில் முடிவில் எழுந்து நின்று மௌனம் காப்போம். அவருக்கு மௌனத்தில் நம்பிக்கை கிடையாது. "மண்ணுக்குள்ள மௌனம்னு ஒண்ணு இல்லவே இல்லய்யா, எதாவது கேட்டுக்கிட்டேதான் இருக்கும்" என்பார். அதனால் மௌனத்துக்குப் பதிலாக நடை ஒன்றை இந்த ஒலிபெருக்கியில் போடப் போகிறேன். எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே கேளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நடை. ஞாயிற்றுக்கிழமை, ஈரமில்லாத செம்மண். நேற்றே அண்ணியிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் வேகமாக இருக்கும் என்று. "அப்போ வேகமாத்தான் வருவாரு. டீ பொங்கறதுக்குள்ள வந்து நின்னுடுவாரு" என்றார்.

பதிவில் நானூறு அடி இருக்கிறது. முழுவதும் போடவா என்று கேட்டேன். அண்ணி, "முப்பத்தி நாலு போதும் தம்பி. அதுக்கு மேல கேட்டா, எழுந்து போய்க் கதவைத் திறந்துடுவேன்" என்றார்.

முப்பத்து நான்கு வைத்திருக்கிறேன், அண்ணி. ஒலிபெருக்கிக்காரரே, போடுங்கள்.